குழந்தைகளின் தோலில் தோன்றும் அரிய நார்க்கட்டிகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள பாறசாலை பக்கங்களில் கைக்குழந்தையின் உடம்பில் ஒரு கட்டி தென்பட்டால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதா திருவனந்தபுரத்துக்குப் போவதா என்பதைத்தான் வீட்டில் முதலில் பேசுகிறார்கள். கூடவே, உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்ற அவசரமும் வந்து சேர்ந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் பேசப்படும் கட்டிகளைப் பொறுத்தவரை, எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட, கத்தி படுவதற்கு முன் கட்டியின் பெயர் உறுதியானதா என்பதே பெரிய கேள்வி. இவற்றுள் சில தாமாகவே கரைந்து போகும். சில வெட்டினால் மறுபடி வளரும். சிலவற்றை எடுத்தே தீர வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

நார்க்கட்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

தோலுக்கும் தசைக்கும் உறுதி தரும் நார்த்திசுவை உண்டாக்கும் செல்களுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். அவற்றில் ஒரு பிரிவு, தசைச் செல்லைப்போலச் சுருங்கும் தன்மையும் உடையது, அது மயோஃபைப்ரோபிளாஸ்ட். காயம் ஆறும்போது வடு சுருங்குவது இந்தச் செல்களின் வேலையால்தான். இந்த இரு வகைச் செல்களும் காரணமின்றியோ மரபணு மாற்றத்தாலோ ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகும்போது, தோலுக்குள்ளோ தோலுக்கு அடியிலோ கெட்டியான, வலியில்லாத ஒரு கட்டி உருவாகிறது. பெரியவர்களுக்கு வரும் நார்க்கட்டிகளைப் பற்றிய பொது அறிவைக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. பிறந்த முதல் 2 ஆண்டுகளில் வரும் வகைகளுக்குத் தனிப் பெயர்களும் தனிப் போக்கும் உண்டு.

இது புற்றுநோயா?

கீழே பேசப்படும் வகைகள், பின்னால் எச்சரிக்கைக்காகச் சொல்லும் ஒன்றைத் தவிர, புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புக்குத் தாவிப் பரவும் குணம் அவற்றுக்கு இல்லை. எனினும் "சாதாரணக் கட்டி" என்று மருத்துவர் சொல்வதற்கு "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று பொருளில்லை. பரவாத கட்டியும் விரலை வளைக்கலாம், கழுத்தைச் சாய்க்கலாம், அரிதாக உள்ளுறுப்பில் அமர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கள் மகளுக்கு 8 மாதம். மோதிர விரலின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக, வழுவழுப்பான ஒரு கட்டி இருக்கிறது. அது என்னவாக இருக்கும்?

பார்க்காமல் சொல்ல முடியாது என்றாலும், இந்த வருணனைக்கு முதலில் நினைவுக்கு வருவது குழந்தைப் பருவ விரல் ஃபைப்ரோமேட்டோசிஸ் என்னும் கட்டியாகும். விரலின் முதுகுப்புறத்திலோ பக்கவாட்டிலோ, பெரும்பாலும் கடைசிக் கணுவுக்கு அருகில், அரைக்கோளமாக எழும்பி நிற்கும். மேல்தோல் பளபளப்பாக இழுபட்டிருக்கும்; தோலைத் தனியாகக் கிள்ளித் தூக்க முடியாதபடி கட்டி தோலோடு ஒட்டியிருக்கும்; விரலால் அழுத்தினால் உள்ளே பதியாது, குழந்தையும் அழாது. அளவு பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நகத்துக்கு அருகில் இருந்தால் நகத்தைத் தள்ளி வளைத்துவிடும். கால்விரல்களிலும் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் வருவதும் உண்டு. பக்கத்துப் பக்கத்து விரல்களில் ஒன்றையொன்று தொடும் இடங்களில் இரு கட்டிகள் எதிரெதிராக நிற்பதையும் காணலாம். கட்டை விரலும் காலின் பெருவிரலும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஏன் என்பதற்கு நிறைவான விளக்கம் எவரிடமும் இல்லை.

சுமார் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இது பிறக்கும்போதே இருக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு முதல் பிறந்தநாளுக்குள் தோன்றிவிடுகிறது. ஆண், பெண் வேறுபாடு இல்லை.

இதன் அடையாளம் நுண்ணோக்கியின் கீழ்தான் முழுமையாகத் தெரியும். நீண்டு மெலிந்த செல்களின் உள்ளே, உட்கருவுக்கு அருகில், சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கும். பல உருண்டைகள் இரத்தச் சிவப்பணுவின் அளவை ஒத்திருப்பதால், பழகாத கண் அவற்றைச் சிவப்பணு என்றே கடந்துபோய்விடக்கூடும். மாசன் ட்ரைக்ரோம் என்னும் சாயத்தில் அவை சிவப்பாகப் பளிச்சிடும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக (திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயைச் சொல்பவராக) இருந்த ரேய் 1965-இல் இந்த உருண்டைகளை விவரித்தார். அதனால் ரேய் கட்டி என்ற பெயரும் இதற்கு உண்டு. (காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதற்குக் காரணமான ரேய் நோய்க்குறியும் இவர் பெயரால்தான் வழங்குகிறது.) உருண்டைகளைக் கண்டதும் வைரஸாக இருக்குமோ என்று முதலில் ஐயம் எழுந்தது; தேடியும் வைரஸ் எதுவும் அகப்படவில்லை. செல்லின் சுருங்கு இழைகளில் உள்ள ஆக்டின் என்னும் புரதமே அங்கே திரண்டு கிடக்கிறது. ஆகவே இது தொற்றாது. அண்ணனோடு ஒரே பாயில் படுக்க வைப்பதில் தடையில்லை.

சின்னக் கட்டிதானே, ஒரேயடியாக வெட்டி எடுத்துவிட்டால் என்ன?

இந்தக் கட்டியைப் பொறுத்தவரை வெட்டியவுடன் கதை முடிவதில்லை. பழைய மருத்துவத் தொகுப்புகளில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வெட்டிய இடத்திலேயே கட்டி மறுபடி வளர்ந்தது பதிவாகியிருக்கிறது. ஒருமுறை வெட்டி, திரும்ப வளர்ந்து, மறுமுறை ஆழமாக வெட்டி, தோல் ஒட்டுப் போட்டு, கடைசியில் விரல் மடங்காமல் போன குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கும்போது, நோயைவிட வைத்தியம் பெரிய வடுவை விட்டுச்சென்றதே என்ற வருத்தம் எழுகிறது. மறுபக்கம், தொடாமல் விடப்பட்ட கட்டிகளில் பல, சில மாதம் வளர்ந்து, பிறகு அசையாமல் நின்று, 2 அல்லது 3 ஆண்டுகளில் தாமாகவே சுருங்கி மறைகின்றன.

அதனால் பெயர் உறுதியானபின், விரலின் அசைவு கெடாதவரை காத்திருப்பதே இன்று பெரும்பாலான குழந்தைத் தோல் நிபுணர்கள் தரும் ஆலோசனை. கட்டி மூட்டின் மேல் அமர்ந்து விரலை ஒரு பக்கமாக வளைக்கத் தொடங்கினால் காத்திருப்பது சரியாகாது. ஏனெனில் கட்டி பின்னால் கரைந்தாலும் வளைந்த மூட்டு நிமிராமல் நின்றுவிடக் கூடும். அத்தகைய குழந்தைகளுக்குக் கட்டிக்குள் ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போடுவது, அதற்கும் மசியாவிட்டால் அறுவை செய்வது என்று படிப்படியாக முடிவெடுக்கிறார்கள். அறுவை செய்பவர் கை அறுவையில் பழகியவராக இருப்பது முக்கியம்.

மரு என்று நினைத்து நூல் கட்டினோம். கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்டரும் ஒட்டினோம். தவறா?

இனிமேல் வேண்டாம். கால் ஆணி பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம்; தடித்த பாதத் தோலுக்காகச் செய்யப்பட்ட அந்த மருந்து, குழந்தையின் மெல்லிய விரல் தோலைப் புண்ணாக்குமே தவிர, அடியிலுள்ள நார்க்கட்டியைக் கரைக்காது. நூலையோ மயிரையோ இறுக்கிக் கட்டுவது குழந்தை விரலில் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். சுண்ணாம்பு வைப்பதும் சூடு போடுவதும் அப்படியே. இன்னொரு தீமையும் உண்டு: புண்ணாகி ஆறிய கட்டியிலிருந்து சதைத் துண்டு எடுத்தால், வடுவின் செல்களும் கட்டியின் செல்களும் ஒரே இனமாகையால், நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குப் பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது. ஏற்கெனவே ஏதேனும் பூசியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள், திட்டினாலும் சொல்லிவிடுவது நல்லது.

பிறந்த குழந்தைக்கு முதுகிலும் தலையிலுமாக மூன்று நான்கு கட்டிகள். "இரத்தக்குழாய்க் கட்டி, தானாகப் போய்விடும்" என்கிறார்கள். நம்பலாமா?

கைக்குழந்தைகளின் தோல் கட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது ஹீமாஞ்சியோமா என்னும் இரத்தக்குழாய்க் கட்டி என்பது உண்மை. ஆனால் ஊதா கலந்த சிவப்பில், ரப்பர்போலக் கெட்டியாக, ஒன்றுக்கு மேற்பட்டவையாக இருந்தால், குழந்தைப் பருவ மயோஃபைப்ரோமேட்டோசிஸை நினைக்காமல் விடக் கூடாது. குழந்தைப் பருவ நார்க்கட்டிகளுள் அதிகம் காணப்படும் வகை இதுதான். 1954-இல் ஸ்டவுட் என்ற நோய்க்குறியியல் நிபுணர் இதைப் பிறவியிலேயே உடலெங்கும் பரவிய ஃபைப்ரோமேட்டோசிஸ் என்று விவரித்தார். 1981-இல் சங், என்ஸிங்கர் ஆகிய இருவரும் இன்றைய பெயரைத் தந்தனர். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு 2 வயதுக்குள் வெளிப்பட்டுவிடுகிறது.

இதில் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது ஒற்றைக் கட்டி. பெரும்பாலான குழந்தைகள் இந்நிலையைச் சேர்ந்தவர்களே. தலை, கழுத்து, உடற்பகுதி ஆகிய இடங்களில் வரும். இரண்டாவது, தோலிலும் தசையிலும் எலும்பிலுமாகப் பல கட்டிகள், உள்ளுறுப்புகளில் எதுவுமில்லை. எலும்பில் இருப்பவை எக்ஸ்ரேயில் ஓட்டைபோலத் தெரிந்து பெற்றோரைத் திகிலடையச் செய்யும். அவையும் காலப்போக்கில் ஆறி எலும்பு நிரம்பிவிடுவதே வழக்கம். இந்த இரண்டு நிலைகளிலும் கட்டிகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் சுருங்கிவிடுகின்றன. மூன்றாவது நிலையில் நுரையீரல், இதயம், குடல் போன்ற உறுப்புகளிலும் கட்டிகள் இருக்கும். புற்றுநோய் இல்லாத இந்தக் கட்டி உயிரைப் பறிப்பது இந்நிலையில்தான். குறிப்பாக நுரையீரல் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் நிலை கவலைக்குரியது.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி பெறப்படுகிறது. தோலில் பல கட்டிகள் உள்ள குழந்தைக்குத் தோலை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், இதய எக்கோ, எலும்புப் படங்கள் அல்லது முழு உடல் எம்.ஆர்.ஐ. என்று உள்ளே தேடிப் பார்த்தபின்தான் "காத்திருக்கலாம்" என்ற சொல்லுக்கு மதிப்பு. இரத்தக்குழாய்க் கட்டிக்காகக் கொடுக்கப்படும் புரோப்ரனலால் மருந்து இந்த நோய்க்குரியது அன்று. அதைக் கொடுத்தும் எதிர்பார்த்தபடி கட்டி குறையவில்லை என்றால், மருந்தை நீட்டிப்பதற்கு முன் நோயின் பெயரை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவாகக் கேளுங்கள்.

உள்ளுறுப்பில் இருந்தால் வைத்தியம் இல்லையா?

உண்டு. குறைந்த அளவில் வின்பிளாஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட் ஆகிய இரு மருந்துகளையும் வாரந்தோறும் கொடுக்கும் முறை பல குழந்தைகளுக்குப் பலனளித்திருக்கிறது. பி.டி.ஜி.எஃப்.ஆர்.பி என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம் இந்த நோய்க்குக் காரணமாவதை 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப், இரத்தப் புற்றுநோய்க்காக வந்த மாத்திரை. மரபணு மாற்றத்தின் வகையைப் பார்த்து, தேர்ந்தெடுத்த சில குழந்தைகளுக்கு அதைத் தருகிறார்கள். மருந்துச் சீட்டில் கீமோதெரபி என்று இருப்பதைப் பார்த்து, மருத்துவர் புற்றுநோயை மறைக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். வேகமாகப் பெருகும் செல்களை அடக்குவதற்காக அம்மருந்து தரப்படுகிறது. செல் புற்றுநோய்ச் செல்லாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மகனுக்கு 10 மாதம். அக்குளில் மெத்தென்ற கட்டி. அதன் மேல் மட்டும் பூனைமுடி அடர்ந்து வியர்க்கிறது.

முடி, வியர்வை ஆகிய இரண்டையும் நீங்களே கவனித்துச் சொல்வது மருத்துவருக்குப் பெரிய உதவி. குழந்தைப் பருவ ஃபைப்ரஸ் ஹமார்ட்டோமா என்னும் நார்க்கட்டியின் மேல்தோலில் அவ்வாறு காணப்படுவதுண்டு. அக்குள், தோள், மேல்கை, முதுகு, தொடை இடுக்கு ஆகியவை அதன் வழக்கமான இடங்கள். ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நுண்ணோக்கியில் நார்க் கற்றை, முதிர்ந்த கொழுப்பு, முதிராத இளந்திசு என்று மூன்றும் கலந்து தெரியும். 2016-இல் இதன் செல்களில் ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது.

விரல் கட்டியைப்போல இது தானாகக் கரையும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. முதலில் சற்று வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளர்ந்து, குழந்தைக்கு 5 வயது ஆகும்போது வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆனால் கட்டி அங்கேயே இருக்கும். அறுவையில் எடுத்துவிடுவதே வைத்தியம். மறுபடி வருவது ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேருக்கே. வந்தாலும் மீண்டும் எடுத்தால் போதும். கைகால்களை இழக்கும் அளவுக்குப் பரந்த அறுவை தேவையே இல்லை. யாரேனும் அப்படிச் சொன்னால், வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் ஸ்லைடுகளை (சதைத் துண்டின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை) காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

மூன்று வாரக் குழந்தையின் கழுத்தில் கட்டி; தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வர்ம ஆசானிடம் தடவக் கொண்டுபோகலாமா?

இது தோல் கட்டியன்று. கழுத்தின் பக்கவாட்டுத் தசைக்குள் வரும் நார்க்கட்டி. கழுத்து ஃபைப்ரோமேட்டோசிஸ் என்பது அதன் பெயர். தோல் கட்டி என்றே பலரும் நினைத்து வருவதால் இங்கே சேர்த்திருக்கிறேன். பிறந்து 2 முதல் 4 வாரத்தில் கைக்குத் தட்டுப்படும். தலை கட்டியிருக்கும் பக்கம் சாய, முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் சற்று அதிகம். கால் முன்வந்து பிறந்த குழந்தைகளுக்கும் ஆயுதம் போட்டு எடுத்த குழந்தைகளுக்கும் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் ஓர் அல்ட்ராசவுண்டு ஸ்கேனே போதும். சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படுவது அரிது. இடுப்பு மூட்டு நழுவல் இக்குழந்தைகளிடம் சற்று அதிகமாகையால் இடுப்பையும் பரிசோதிப்பார்கள்.

முறையான இயன்முறைப் பயிற்சியால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடுகிறது. பயிற்சி என்பது தலையை மெதுவாக மறுபக்கம் சாய்த்துத் திருப்பி நிறுத்துவதும், பால் கொடுக்கும்போதும் பொம்மை காட்டும்போதும் குழந்தை தானாகத் திரும்பும்படி இடம் மாறி அமர்வதும்தான். நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்களின் மேல் மக்களுக்கு இருக்கும் மதிப்பை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கட்டியை அழுத்தி நசுக்கித் தேய்ப்பதாலோ கழுத்தை வெடுக்கென்று சொடுக்குவதாலோ நன்மையில்லை. ஒரு மாதக் குழந்தையின் கழுத்தில் அந்த வேலையை யாருமே செய்யக் கூடாது. குளிப்பாட்டும்போது பாட்டி எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. கட்டியைக் "கரைக்க" முயல வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். அதனால்தான் குழந்தைக்குக் கட்டி வந்ததா?

மேலே சொன்ன விரல் கட்டி, அக்குள் கட்டி, கழுத்துக் கட்டி ஆகியவற்றுக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பு இல்லை. ஒரே ஒரு வகைக்கு மட்டும் உறுதியான தொடர்பு உண்டு. அதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம், முறைப்பெண் முறைமாப்பிள்ளைத் திருமணம் நம் பக்கத்தில் இன்னும் நடப்பதுதான்.

ஹயலின் ஃபைப்ரோமேட்டோசிஸ் என்னும் அந்த நோயில், ஏ.என்.டி.எக்ஸ்.ஆர்.2 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகியிருக்கும். தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாகப் பழுதான பிரதி இருந்தால், அவர்கள் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு இருக்கும். அத்தை மகனும் மாமன் மகளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள்; தமிழகத்தின் சில பகுதிகளிலும் ஆந்திரத்திலும் நடக்கும் தாய்மாமன்–அக்காள் மகள் உறவில் அது கால் பங்கு. ஆகவே அரிதான ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்த நோயுடன் தொடர்புடையது என்று 2003-இல் கண்டறியப்பட்ட இந்த மரபணு உண்டாக்கும் புரதம், ஆந்த்ராக்ஸ் கிருமியின் நச்சு செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல்களுள் ஒன்று. அதன் இயல்பான வேலையோ, திசுவில் தேங்கும் ஆறாம் வகைக் கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தை அகற்ற உதவுவது. அது நடக்காதபோது கண்ணாடிபோன்ற ஒரு பொருள் தோலிலும் ஈறிலும் மூட்டைச் சுற்றியும் படிகிறது.

இதன் அறிகுறிகள் மற்றவற்றிலிருந்து மாறுபட்டவை. மூக்கோரம், காது, கழுத்து ஆகிய இடங்களில் முத்துப்போன்ற சிறு பருக்கள். தலையில் பெரிய கட்டிகள். ஆசனவாயைச் சுற்றிச் சதை வளர்ச்சி. பல்லை மூடும் அளவுக்குத் தடித்த ஈறு. கைகால் மூட்டுகள் மடங்கி நீட்ட முடியாமை. விரல் கணுக்களின் மேல் கருத்த திட்டு. தூக்கினாலும் துணி மாற்றினாலும் குழந்தை வலியால் அலறும். கடுமையான வகையில் குடலும் பாதிக்கப்பட்டு, ஓயாத வயிற்றுப்போக்கும் புரத இழப்பும் ஏற்பட்டு, 2 வயதுக்குள் குழந்தையை இழக்க நேரிடுகிறது. மென்மையான வகையில் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஈற்றையும் பெரிய கட்டிகளையும் அவ்வப்போது வெட்டி எடுப்பது, மூட்டுக்குப் பயிற்சி, வலிக்கு மருந்து என்று வைத்தியம் தொடர்கிறது. நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை.

முதல் குழந்தைக்கு இது உறுதியானால், அடுத்த கருவுக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது அவசியம். குழந்தையின் இரத்தத்தில் மரபணு மாற்றம் அடையாளம் காணப்பட்டிருந்தால்தான் கருவில் சோதிக்க முடியும். அடுத்த கரு உண்டானபின் ஓடுவதில் பயன் குறைவு. மருமகள் வீட்டுக் குற்றம், மகன் வீட்டுக் குற்றம் என்று பேச இதில் இடமேயில்லை: பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்தது.

கர்ப்பத்தில் சாப்பிட்டது, கிரகணம், தடுப்பூசி ஆகியவற்றால் வருமா?

வராது. தடுப்பூசிகளை அட்டவணைப்படியே போடலாம். கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஊசி குத்த வேண்டாம். கீமோதெரபி மருந்தோ அதிக ஸ்டீராய்டோ எடுக்கும் குழந்தைக்கு மட்டும் சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போடுவார்கள்.

வேறு வகைகள் உண்டா?

உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பள்ளி வயதில் மெதுவாக வளர்ந்து, எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகளைக் காட்டும் கட்டியை 1953-இல் கீஸ்பி என்ற மருத்துவர் விவரித்தார். அதுவும் வெட்டினால் திரும்பும் குணமுடையது. இடுப்புக்கு மேலே முதுகில் ஆரஞ்சுத் தோல்போலத் தடித்த திட்டு இருந்து, வெளிறிய இலைவடிவத் தேமல்களும் வலிப்பும் சேர்ந்திருந்தால், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய்க்காகச் சோதிக்க வேண்டும். பெண் குழந்தைக்கு விரல் கட்டிகளோடு முகத்தில் நிறத் திட்டும் விரல் எலும்புக் குறைபாடும் இருந்தால், அது தனி விரல் கட்டியாக இல்லாமல், மரபுவழி நோய்க்குறி ஒன்றின் பகுதியாக இருக்கலாம்.

எந்த அறிகுறி கண்டால் காத்திருக்கக் கூடாது?

கட்டி வாரத்துக்கு வாரம் கண்கூடாகப் பெருப்பது, 5 சென்டிமீட்டரைத் தாண்டுவது, மேல்தோல் வெடித்து இரத்தம் கசிவது, அடியிலுள்ள எலும்போடு அசையாமல் ஒட்டியிருப்பது, மூச்சு வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, மலத்தில் இரத்தம், எடை ஏறாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைப் பருவ ஃபைப்ரோசார்கோமா என்னும் உண்மையான புற்றுநோயும் தொடக்கத்தில் இதே போன்ற கட்டியாகவே தோன்றுகிறது. கை கால்களில் அதிகம். அதன் செல்களில் பெரும்பாலும் ஈ.டி.வி.6, என்.டி.ஆர்.கே.3 என்னும் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இணைப்பைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்பதால்தான், எந்தக் கட்டியையும் கண்ணால் பார்த்து மட்டும் "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை.

பயாப்சி எடுத்தால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. விரல் கட்டியாக இருந்தால், அந்த இடத்தை மரக்கச் செய்து சில மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டு எடுத்தால் போதும். ஆழமான கட்டிகளுக்குச் சற்று நேரம் மயக்கம் கொடுக்க நேரிடும். ஸ்கேன் படங்கள் கட்டியின் ஆழத்தையும் இரத்த ஓட்டத்தையும் காட்டும். பெயரைச் சொல்வது சதைத் துண்டுதான். சாதாரணச் சாயத்தில் விளங்காதபோது, ஆக்டின் போன்ற புரதங்களைத் தேடும் சிறப்புச் சாயங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குக் கூடுதலாகச் சில நாள் ஆகும். அறிக்கை தாமதமாவதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆசாரிப்பள்ளத்தில் பயாப்சி எடுத்தோம். திருவனந்தபுரத்தில் இரண்டாம் கருத்து கேட்க விரும்புகிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?

அறிக்கையின் நகல் மட்டும் போதாது. ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த திசுத் துண்டான பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் இருந்தால் குழந்தையை மறுபடி குத்தாமலே புதிய சாயமும் மரபணுச் சோதனையும் செய்ய முடியும். கோடையில் பேருந்து ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் மெழுகு இளகிவிடும். சிறு டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே எஸ்.ஏ.டி. என்னும் தாய்–சேய் மருத்துவமனையும், ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. எஸ்.ஏ.டி.யில் பார்க்கும் மருத்துவர் ஸ்லைடை ஆர்.சி.சி.க்கு அனுப்பினாலோ அங்கே ஒருமுறை காட்டிவரச் சொன்னாலோ, வாயிற்பலகையைப் பார்த்து மனம் உடைந்துபோகாதீர்கள். அரிய கட்டிகளின் ஸ்லைடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் அத்தகைய மையங்களில்தான் இருப்பார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லை தாண்டிச் செல்லுமா என்பதைப் புறப்படும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கமே இருக்க விரும்புவோர், அங்கன்வாடிக்கு வரும் தேசியச் சிறார் நலத் திட்டக் குழுவிடம் குழந்தையைக் காட்டினால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் வழியாக மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

"காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், பகல் வெளிச்சத்தில், கட்டிக்கு அருகில் ஓர் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். விரல் கட்டி என்றால் விரலை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று என இரண்டு படங்கள். அளவைவிட, மடக்கும் படத்தில் விரல் ஒரு பக்கமாகக் கோணுகிறதா என்பதே முக்கியம். தினமும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் அளவு கூடியதுபோலத் தோன்றுமே தவிர, உண்மையான மாற்றம் தெரியாது. முதல் ஆண்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், வளர்ச்சி நின்றது உறுதியானபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மருத்துவரிடம் படங்களோடு காட்டினால் பொதுவாகப் போதுமானது. பல கட்டிகள் உள்ள மயோஃபைப்ரோமேட்டோசிஸ் குழந்தைகளுக்கு இந்த இடைவெளி குறைவாக இருக்கும். பழைய கட்டிகள் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே புதியவை முளைப்பது அந்நோயில் நடப்பதால், ஒவ்வொரு முறையும் உடல் முழுவதையும் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனையும் மறுபடி எடுப்பார்கள்.